ஸ்ரீவியில் பிழைத்தெழுந்த அண்டர்டேக்கர்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. ஸ்ரீவிக்காரர் "எங்களுக்குக் கோபுரம் இருக்கு" என்பார். ராஜபாளையத்துக்காரர் "எங்களுக்கு மில்லு இருக்கு, நாய் இருக்கு" என்பார். ஆனால் ஜில்லா கோர்ட்டு ஸ்ரீவியில்தான் என்பதால் வாய்தாவுக்கு அவர் இங்கே வந்தே ஆக வேண்டும். அந்தக் கடுப்பு அவர் பேச்சில் எப்போதும் கொஞ்சம் தொக்கி நிற்கும்.

மற்றதில் எப்படியோ, பாட்டு, டிவி, குஸ்தி மூன்றிலும் இரண்டு ஊருக்கும் ஒரே புத்தி. ஒரிஜினல் வந்தால் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, நகலை உள்ளே அழைத்து நாற்காலி போடுவோம். இதற்கு ஆயிரம் வருஷத்து ஆதாரம் இருக்கிறது. வரலாற்றுப் பேராசிரியர்கள் இதையெல்லாம் எழுத மாட்டார்கள். அவர்களுக்குப் பென்ஷன் வர வேண்டும்.

முதலில் குஸ்தி. பாண்டியன் வல்லபதேவனுக்கு ஒரு சந்தேகம், பரம்பொருள் யார் என்று. தீர்த்து வைப்பவருக்குப் பொற்கிழி என்று அறிவித்து, மதுரையில் அதைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டான். பண்டிதர்கள் மூட்டை மூட்டையாகச் சுவடிகளோடு வந்து இறங்கினார்கள். ஸ்ரீவியிலிருந்து போனவர் நந்தவனத்தில் பூப்பறித்து மாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர். அவர் பேசி முடித்ததும் கிழி தானாகவே வளைந்து அவர் பக்கம் தாழ்ந்தது என்கிறது குருபரம்பரைக் கதை. பரிசே நடுவராக இருந்த போட்டி உலகத்தில் வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை. அப்பீலுக்கும் வழியில்லை.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். யானைமேல் ஊர்வலம் விட்டார்கள். வேடிக்கை பார்க்கப் பெருமாளே கருடன்மேல் வந்துவிட்டார். ஜெயித்தவர் என்ன செய்ய வேண்டும்? முகமது அலி 1964-இல் சோனி லிஸ்டனை உட்கார வைத்துவிட்டுத் தன்னைவிடப் பெரியவன் எவனும் இல்லை என்று கயிற்றில் ஏறிக் கத்தினார். எங்கள் ஊர்க்காரரோ, இத்தனை கூட்டத்தில் கடவுளுக்குக் கண் பட்டுவிடப் போகிறதே என்று பதறி, அவருக்கே பல்லாண்டு பாடிவிட்டார். கடவுள் பெரியவரா என்பதுதான் போட்டியின் தலைப்பு. நிரூபித்தவர், நிரூபித்த கையோடு, கடவுளுக்குத் திருஷ்டி கழிக்கிறார்! வெற்றிக்குப் பிந்தைய பேச்சுகளில் இதற்குத்தான் என் முதல் மதிப்பெண். பரிசுப் பணத்தில் கோபுரம் கட்டினார் என்பது ஊர் வழக்கு. 11 நிலை, 192 அடி. பரிசுப் பணத்தைக் கரைத்த குத்துச்சண்டை வீரர்களின் பட்டியலைப் பார்த்தால், நம்மவருக்கு ஆடிட்டர் நல்லவராக அமைந்திருக்க வேண்டும்.

அந்தக் கோபுரம் தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கிறது. அதாவது, இருக்கிறது என்று நாங்கள் சொல்கிறோம். 1949-இல் முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ், தான் வரைந்தது மதுரை மீனாட்சி கோயிலின் மேலக்கோபுரம் என்று பின்னாளில் சொல்லிவிட்டார். வரைந்தவருக்கு என்ன தெரியும் என்பதுதான் ஸ்ரீவியின் நிலைப்பாடு. அதே 1949 ஏப்ரலில் ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் முதல்வரானார். நாற்காலி ராஜபாளையத்துக்கு, முத்திரை ஸ்ரீவிக்கு என்று பாகம் பிரிந்த பிறகு மதுரைக்காரர்கள் நடுவில் வந்து பங்கு கேட்பது முறையில்லை.

இனி ஆல்பங்கள். ஆண்டாள் என்ற கோதை நாச்சியாரின் முதல் வெளியீடு திருப்பாவை: 30 பாட்டு. வேண்டாத பாட்டு என்று ஒன்றுகூட இல்லை. ஆயர்பாடிக்குப் போக வண்டி கிடைக்காத இந்தப் பெண், இருந்த ஊரையே ஆயர்பாடியாக்கி, தோழிகளை ஆய்ச்சியராக்கி, வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் வீடாக்கிவிட்டாள் என்பார்கள் உரைகாரர்கள். செட் போடாமலே படப்பிடிப்பு. அசல் ஆயர்பாடியில் அன்று யார் யாரை எழுப்பினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நகல் ஆயர்பாடியில் யார் தூங்கினார்கள் என்பதுவரை மனப்பாடம். இதன் செல்வாக்கு எப்படி என்றால், திருமலையில் வருஷம் பூரா விடியலில் ஒலிக்கிற சுப்ரபாதத்துக்கு மார்கழியில் மட்டும் விடுப்பு. அந்த ஒரு மாதம் திருப்பாவைக்கு. எம்.எஸ். குரலில் 1963-இல் எல்.பி.யாக வந்து வீடுகளையெல்லாம் எழுப்பிய சுப்ரபாதத்தையே வீட்டுக்கு அனுப்பும் பாட்டு என்றால் சும்மாவா!

ஆனாலும் என் ஓட்டு இரண்டாவது ஆல்பத்துக்கு. நாச்சியார் திருமொழி, 14 பதிகம், 143 பாட்டு. ஆறாவது பதிகமான வாரணம் ஆயிரம் மட்டும் கல்யாண வீடுகளில் பிழைத்துக்கொண்டது. மற்றதில் மன்மதனுக்கு மனு, குயிலுக்கு உத்தரவு, மேகத்துக்குத் தூது. கண்ணன் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்கியத்துக்காகச் சங்கின்மேல் அசல் பொறாமை. பக்திமான்கள் இதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே கும்பிடுகிறார்கள். நல்ல ஆல்பங்களுக்கு எப்போதும் அந்தக் கதிதான்.

டிவி வரலாறு 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சியோடு தொடங்கியது என்று பொது அறிவுப் புத்தகத்தில் போட்டிருக்கும். அது சென்னைக்காரர்களுக்கு. எங்களுக்குத் திருமலை நாயக்கர் காலத்திலேயே (1623–1659) நேரடி ஒலிபரப்பு வந்துவிட்டது. ஆண்டாளுக்கு நைவேத்தியம் ஆன பிறகுதான் நாயக்கர் சாப்பிடுவாராம். அவர் இருப்பது மதுரையில். எழுபது கிலோமீட்டருக்கு மேல். அதனால் வழி நெடுக மணி மண்டபங்கள். ஸ்ரீவியில் மணி அடித்ததும் அடுத்த மண்டபத்துக்காரன் அடிப்பான், அதைக் கேட்டு அடுத்தவன். கடைசி மணி அரண்மனைக்குக் கேட்டதும் இலை போடுவார்கள். ஒரே நிகழ்ச்சி, தினமும் அதே நேரம், விளம்பர இடைவேளை கிடையாது. நேயர் ஒரே ஒருவர், அவரும் கொலைப்பசியில். நடுவில் ஒரு மண்டபத்துக்காரன் வெயிலுக்குக் கண்ணயர்ந்தால் மன்னருக்குத் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'தான். நாயக்கர் ஒரு நாளாவது ஸ்ரீவி மணியைக் கேட்டிருப்பாரா? அவர் கேட்டது நகலின் நகலுக்கு நகல். அதை நம்பித்தான் கையை இலையில் வைத்தார்.

கட்டபொம்மன் கதையும் எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. 1798-இல் கலெக்டர் ஜாக்சன் அவரைக் குற்றாலத்துக்கு வரச் சொன்னார். வந்தால் துரை பார்க்கவில்லை, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஊர் ஊராகத் துரை முன்னே, பாளையக்காரர் பின்னே. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பேட்டி கிடைக்கவில்லை. கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் நேருக்கு நேர். 'ஐயா கேம்ப் போயிருக்கார்' என்று தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிறவர்கள் மனம் தளர வேண்டாம். வீரபாண்டிய கட்டபொம்மனுக்கே அந்தப் பதில்தான்.

இயக்குநர் பந்துலு 1959-இல் இதைப் படமாக எடுத்தபோது இந்த அலைச்சல் யாருக்கு வேண்டும்? சக்தி கிருஷ்ணசாமி எழுதிக் கொடுத்தார், சிவாஜி கர்ஜித்தார், ஜாக்சன் துரை விழித்தார். அது ரெக்கார்டாக வந்து கோயில் கொடையில், சடங்கு வீட்டில், புளியமரத்தில் கட்டிய குழாய் ரேடியோவில் முழங்க ஆரம்பித்த பிறகு, ராமநாதபுரத்தில் நிஜமாக என்ன பேசினார்கள் என்று கேட்கிறவன் தேசத் துரோகி. தமிழ்நாட்டின் தலைசிறந்த குத்துச்சண்டை ஆல்பம் இதுவே. ஒரு குத்துகூட விழாமல் ஒருவர் மட்டும் பேசியே எதிராளியை நாக் அவுட் செய்கிறார். ஆட்டத்தைவிட ஆட்டத்தின் ரெக்கார்டு பெரிது என்று இந்த வட்டாரம் நிரந்தரமாக முடிவு செய்த இடமும் அதுதான்.

அந்த முடிவின் உச்சம் 'விதி'. 1984-இல் வந்த படம். காதலித்து ஏமாற்றியவனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறாள் ஒரு பெண், சுஜாதா வக்கீல். இதன் கதை வசன கேசட் ஓடாத டீக்கடை கிடையாது. டீக்கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மைக் செட்காரர் காலையில் பிள்ளையார் பாட்டு ஒன்று போட்டு முடித்துவிட்டு 'விதி'யைச் சொருகிவிடுவார். பந்தலில் மாப்பிள்ளை கோட்டு மாட்டிக்கொண்டிருப்பார். குழாயில் சுஜாதா, கைவிட்ட காதலனைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருப்பார். பெண் வீட்டார் ஒரு பார்வை மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். அவருக்கு வேர்க்கும். கோர்ட்டு ஊரான ஸ்ரீவியில் இதற்குத் தனி ரசிகர்கள். நிஜக் கோர்ட்டில் வாய்தாவுக்கு மேல் வாய்தா. கேசட்டில் பி சைடு முடிவதற்குள் தீர்ப்பு.

ரெக்கார்டிங் சென்டர்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். வெள்ளைக் காகிதத்தில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் அறுபது நிமிஷக் கேசட்டில் பதிந்து தருவார்கள். கடைசிப் பாட்டு பல்லவி முடிந்து சரணத்தில் கால் வைக்கும்போது டேப் தீர்ந்துபோய் 'டக்' என்று நிற்கும். அந்தத் தலைமுறைக்கு இன்றைக்கும் சில பாட்டுகளின் இரண்டாவது சரணம் தெரியாது. தெரிந்தாலும் ஒப்புக்கொள்ளாது, 'டக்'கோடு கேட்டால்தான் அவர்களுக்குப் பாட்டு முடிந்த நிறைவு.

மலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரம். அங்கிருந்து போன இளையராஜா 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' வெளியிட்டார். தியாகராஜரையும் பாக்கையும் ஒரே பாயில் உட்கார வைத்த இசைத் தொகுப்பு. சினிமா இல்லை, வாய்ப்பாட்டும் இல்லை. அதைக் கடையில் ஓடவிட்டபோது நடந்த உரையாடலுக்கு மாதிரி:

"அண்ணே, பாட்டு எப்பண்ணே ஆரம்பிக்கும்?"

"இதான் தம்பி பாட்டு."

"மியூசிக் நல்லாருக்கு. ஆனா யாரும் பாட வரலையேண்ணே?"

வயலின்கள் ஓடிப்பிடித்து விளையாடுகிற அந்த ஏ சைடை இன்று கேட்டாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. 1988-இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' அதற்கு ஒரு படி கீழேதான். சௌராசியாவின் புல்லாங்குழல் உயரம், யோசனை கொஞ்சம் தாழ்வு. இந்த அபிப்பிராயத்துக்காக அடிக்க வருகிறவர்கள் வரிசையில் வரவும்.

இனி நிஜ டிவிப் பெட்டி. எங்கள் பக்கத்து மாடிகளில் ஆன்டெனா முதலில் பார்த்தது தென்கிழக்கே, கடல் தாண்டி இலங்கையை. 1982 பிப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினி, சென்னைத் தொலைக்காட்சி எட்டாத தென் மாவட்டங்களுக்குப் புள்ளியும் கோடுமாக வந்து சேர்ந்தது. கொடைக்கானலில் கோபுரம் எழும்பிய பிறகு எல்லா ஆன்டெனாவும் வடக்கே திரும்பின. திருப்புவது எளிதல்ல. மொட்டை மாடியில் ஒருவர் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார். ஜன்னலில் ஒருவர், பெட்டி முன்னால் ஒருவர். "தெரியுதா?" "இல்லே." "இப்ப?" "கொஞ்சம் தெரியுது, ரெண்டு ரெண்டா தெரியுது." "இப்ப?" "முன்னாடி வச்சதுதான் நல்லாருந்துச்சு!" முன்னாடி எங்கே வைத்தோம் என்று மேலே இருப்பவருக்கு நினைவிருக்காது. சரியாக வந்த நிமிஷத்தில் காக்காய் ஒன்று வந்து அதன்மேல் உட்காரும். வயலும் வாழ்வும் நிகழ்ச்சியில் கத்தரிச் செடிக்கு வந்த நோயை, நிலமே இல்லாதவர்கள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். ஒளியும் ஒலியும் வருகிற வெள்ளிக்கிழமைக்காக மற்ற ஆறு நாளும் வந்துபோயின.

1965-இல் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்த தலைமுறைதான், 1987 ஜனவரியிலிருந்து ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் குளித்துவிட்டு இந்தி ராமாயணத்தின் முன்னால் உட்கார்ந்தது. ஒரு வார்த்தை புரியாது. இந்தி பிரச்சார சபையில் பிராத்மிக் பரீட்சை எழுதியவர் தெருவில் ஒருவர் இருந்தால் அவருக்கு முதல் வரிசையில் நாற்காலி. தெரியாததை அவர் கம்பராமாயணத்திலிருந்து இட்டு நிரப்புவார். சண்டைக் காட்சிகள்தான் சிக்கல். ராமர் ஒரு அம்பு, ராவணன் ஒரு அம்பு. இரண்டும் நடுவானில் சந்தித்து, நலம் விசாரித்து, யோசித்து, ஒன்று அணைவதற்குள் அடுப்பில் இட்லி வெந்துவிடும். போர்க்காட்சி என்ற வகையில் நூற்றுக்கு இருபது தருவேன்.

ஆனால் அதில் ஒரு நிஜ மல்லர் இருந்தார். தாராசிங். ஐம்பது, அறுபதுகளில் கிங்காங் என்ற ஹங்கேரிக்கார மலையோடு மோதியவர்; 1968-இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வீழ்த்தி உலகப் பட்டம் வாங்கியவர். ரயிலேறி மதராஸ் போய் ஃப்ரீ ஸ்டைல் குஸ்தி பார்த்துவிட்டு வந்த பெருசுகள், "எல்லாம் பேசி வச்சு அடிக்கிறதுப்பா" என்று அன்றே சலித்துக்கொண்டார்கள். 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோதும் இதே முணுமுணுப்புதான். கூடவே ஒரு பட்டிமன்றம்: எம்.ஜி.ஆரும் அலியும் மோதினால்? இதில் இரண்டாவது கருத்துக்கு ராஜபாளையத்தில் இடமே இல்லை. சரி, தாராசிங்குக்கு வருவோம். ரத்தமும் வியர்வையுமாகக் கோதாவில் நின்றவரை நம்பாத அதே பெருசுகள், அவர் வாலைக் கட்டிக்கொண்டு கயிற்றில் தொங்கிக் கடலைத் தாண்டியபோது கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்போது அவருக்கு 58-ஐ ஒட்டிய வயது. அன்றைய அரசு ஊழியர் பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போட்ட வயதில் அவர் லங்கையைக் கொளுத்தினார். மகாபாரதம் இதைவிட நல்ல தொடர். ஆனால் அதில் தாராசிங் கடலைத் தாண்டவில்லை, ஆகவே மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

1993 சித்திரை முதல் நாள் சன் டிவி வந்தது. கேபிள் வயர் தெருவெல்லாம் தொங்கியது. அதோடு டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்தமும் வீட்டுக்குள் வந்து விழுந்தது. பின்னாலேயே பெட்டிக்கடைகளில் அதன் சீட்டுக்கட்டு. உயரம், எடை, மார்பளவு, புஜம், ரேங்க் எல்லாம் அச்சடித்திருக்கும். யோகோசுனா வந்தால் எடையைக் கேட்க வேண்டும், ஜயன்ட் கோன்சாலஸ் வந்தால் உயரத்தை. ஜப்பான் சுமோ வீரர் என்று நாங்கள் நடுங்கிய யோகோசுனா, சமோவா வம்சத்து அமெரிக்கர். கோன்சாலஸ் அர்ஜென்டினாவின் கூடைப்பந்து ஆட்டக்காரர். உடம்பில் ரோமமும் சதையும் வரைந்த சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். 1993 ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கர் மூக்கில் குளோரோபாரம் துணியை அழுத்தித் தகுதியிழந்து தோற்றார். கண்ணெதிரே மயக்க மருந்து கொடுக்கிறான். இங்கே ஒரு பள்ளிக்கூடமே கத்துகிறது.

1994 ஜனவரியில் அண்டர்டேக்கர் செத்துப்போனார். யோகோசுனாவும் இன்னும் பத்துப் பேரும் சேர்ந்து சவப்பெட்டியில் போட்டு மூடினார்கள். பெரிய திரையில் அவர் உருவம் தோன்றி, திரும்பி வருவேன் என்றது. எங்கள் வீதிகளில் அது துக்க வீடு. அன்றைய சீட்டாட்டச் சட்டச் சிக்கல்:

"டேய், அண்டர்டேக்கர் செத்துட்டான். அந்த சீட்டு செல்லாது."

"ஆளுதான்டா செத்தான். சீட்டு சாகல."

திருமலை நாயக்கருக்கு மணி அடித்தவர்களும் இதற்குமேல் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. ஆகஸ்டில் இரண்டு அண்டர்டேக்கர்கள் வந்தார்கள். அசல் ஒருவர், அதே கறுப்புக் கோட்டில் பிரையன் லீ என்ற போலி ஒருவர். அமெரிக்காவில் அசல் ஜெயித்தார். 1996-இல் அக்‌ஷய் குமாரோடு இந்திப் படத்தில் மோத வந்து உதை வாங்கியவர் அந்தப் போலிதான். அசலையே இந்தியன் அடித்துவிட்டான் என்று நம்பியவர்களை இன்று வரை யாராலும் மாற்ற முடியவில்லை. மாற்றவும் வேண்டாம்.

டபிள்யூ.டபிள்யூ.எஃப். தோற்ற நிஜச் சண்டை 2002-இல் முடிந்தது. அதே மூன்றெழுத்தை வைத்திருந்த உலக வனவிலங்கு அமைப்பு லண்டன் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தது. மல்லர்கள் பெயரை டபிள்யூ.டபிள்யூ.இ. என்று மாற்றிக்கொண்டார்கள். பிணமாகக் கிடந்து எழுந்தவராலும் பாண்டா கரடிச் சின்னத்தை அசைக்க முடியவில்லை.

எங்கள் மலையிலும் அப்படி ஒரு பட்டம் கைமாறியிருக்கிறது. 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகவே ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மரத்துக்கு மரம் தாவும். உடம்பு நீளத்துக்கு வால். தரையில் இறங்கவே யோசிக்கும். 2021-இல் அந்தக் காடு மேகமலையோடு சேர்ந்து இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகமானது. பலகையில் இப்போது புலி. செண்பகத்தோப்புப் பக்கம் போகிறவர்கள் வனத்துறை அனுமதியோடு போங்கள். புலியைத் தேடி நேரத்தை வீணாக்காமல் அண்ணாந்து பாருங்கள். அசல் சாம்பியன் மேலேதான் இருக்கிறது.